வண்டி வராத பாதையில் சைக்கிள்: பிரான்ஸ் பள்ளத்தாக்குகளில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காரும் லாரியும் எட்டிப் பார்க்காத பாதை. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுநடுவே எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய தேவாலயம் நிற்கும் சின்னச் சின்ன ஊர்கள். பிரான்ஸின் கிராமப்புறத்தை சைக்கிளில் சுற்றுவது இவ்வளவு சுலபமா என்று தோன்றும். அந்த நினைப்பில்தான் பலர் பாதித் தயாரிப்போடு கிளம்பிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர்கள் மாட்டிக்கொண்ட இடங்களைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். பாதை ஒரு மாவட்டச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடம். ஞாயிறு மதியம் கடையெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஊர். சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்கிற ரயில். எல்லாமே பாதை முடிந்து வெளியுலகம் தொடங்கும் இடங்கள். பாதை உங்களைப் பார்த்துக்கொள்ளும். அது முடியும் இடங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அதற்காகத்தான்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் பர்கண்டியின் தென்பகுதியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் முறை போகிறவருக்கு அதைவிடத் தோதான இடம் கிடைப்பது கடினம்.

செய்ய வேண்டியவை

1. பாதை எந்த வகை என்று முதலில் பாருங்கள்.
பிரெஞ்சு வரைபடங்களில் இரண்டு பெயர்கள் வரும். 'வ்வா வெர்த்' என்றால் பசுமைவழி. மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை; சைக்கிள், நடப்பவர்கள், சக்கரக் காலணிக்காரர்கள், சில இடங்களில் குதிரை மட்டும். 'வெலோரூத்' என்றால் சைக்கிளுக்குப் பரிந்துரைத்த தடம், அவ்வளவுதான். அதில் பாதி தூரம் கார் போகும் சிறு சாலையாகவே இருக்கலாம். லுவார் ஆற்றை ஒட்டிச் செல்லும் புகழ்பெற்ற தடம் ஏறக்குறைய 900 கி.மீ. அதில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட சிறு சாலைகள்தான். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

2. முதல் பயணத்துக்கு ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள்.
ஷலோன்-சூர்-சோன் நகரத்திலிருந்து குளுனி வழியாக மாக்கோன் வரை சுமார் 70 கி.மீ. இதில் ஜிவ்ரி முதல் குளுனி வரையுள்ள 44 கி.மீ. 1997-இல் திறக்கப்பட்டது. பிரான்ஸின் முதல் பசுமைவழி அதுதான். பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்ட பாதை என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது. கோத் ஷலோனேஸ் திராட்சைக் குன்றுகளின் அடியில் ஓடி, பிறகு குரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுழையும். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் வழியெங்கும் நிற்கின்றன. மூன்று நான்கு நாள் நிதானமாகப் போக இது போதும்.

3. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் தேதி குறியுங்கள்.
ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வருகின்றன. பிரெஞ்சுக் குடும்பங்களுக்கும் அதுதான் விடுமுறை, தங்க இடம் கிடைக்காது. செப்டம்பரில் திராட்சை அறுவடையைக் கண்ணால் பார்க்கலாம்.

4. விசாவையும் காப்பீட்டையும் ஒன்றாக முடியுங்கள்.
ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாளுக்குள் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாலிசியில் சைக்கிள் விபத்து சேர்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘சாகச விளையாட்டு’ என்று சொல்லிக் கைவிரிக்கும் பாலிசிகள் உண்டு.

5. சுரங்கம் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.
குளுனிக்குத் தெற்கே புவா கிளேர் சுரங்கம் 1.6 கி.மீ. நீளம். குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். உள்ளே வௌவால்கள் குளிர் உறக்கத்தில் இருக்கும். மூடியிருந்தால் மேட்டின் மேலேறி மறுபக்கம் இறங்கும் சாலைதான் வழி. மூட்டை கட்டிய சைக்கிளில் அது தனி வேலை. திறந்திருக்கும் நாளிலும் உள்ளே குளிரும், சுவர் சொட்டும். வாசலிலேயே நின்று ஒரு ஜாக்கெட்டை மாட்டுங்கள், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், விளக்கைப் போடுங்கள்.

6. காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்.
லுவார் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். கடலை நோக்கிப் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்த்ரால் என்னும் வடகாற்று வீசும் நாளில் வடக்கே மிதிப்பது வீண் வேலை. ஜெனிவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 815 கி.மீ. போகும் வியாரோனா தடத்தைப் பெரும்பாலோர் தெற்கு நோக்கி ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். சமதளத்தில் காற்றுதான் மலை.

7. டயரைத் தரைக்கு ஏற்றபடி கேளுங்கள்.
பர்கண்டியின் ரயில்தடப் பாதையில் மெல்லிய டயரே போதும். கால்வாய்க் கரைகள் அப்படியல்ல. கெட்டித்த மண், பொடி ஜல்லி. துலூஸ் நகரிலிருந்து கிளம்பும் கால்வாய் து மிதி பாதை முதல் 50 கி.மீ. வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டினால் சில இடங்களில் குறுகிய மண்தடமும் மரவேரும்தான். கால்வாய்க் கரையில் ஓட்ட வாடகைக்கு எடுக்கும்போது 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர் கேளுங்கள்.

8. மணி, விளக்கு, ஒளிரும் மேலங்கி மூன்றையும் சரிபாருங்கள்.
மூன்றும் சட்டப்படி வேண்டியவை. முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு. ஊருக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் 2017 மார்ச் முதல் கட்டாயம். பின் இருக்கையில் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்பதற்காக நீங்கள் போடாமல் இருக்க வேண்டாம்.

9. பாதை சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் காலை ஊன்றி நில்லுங்கள்.
இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். அரைமணி நேரம் ஒரு கார்கூட பார்க்காமல் வந்திருப்பீர்கள். திடீரென்று இரண்டு மரக்கட்டைத் தடுப்பு, ஒரு சின்னப் பலகை, அதற்கப்பால் 80 கி.மீ. வேகத்தில் கார் பறக்கும் மாவட்டச் சாலை. பெரும்பாலான இடங்களில் வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். குழந்தை முன்னால் போகிறது என்றால், தடுப்பு தெரிந்தவுடன் நின்று உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே பழக்குங்கள்.

10. வலப்பக்கம் ஓட்டுங்கள், தூரத்திலேயே மணி அடியுங்கள், 'போன்ஜூர்' சொல்லுங்கள்.
நம் கை தானாக இடப்பக்கம் போகும். காலையில் கிளம்பும்போதும் சாப்பிட்டுவிட்டு ஏறும்போதும்தான் இது நடக்கும். பசுமைவழியில் நடப்பவருக்கே முன்னுரிமை. முதுகுக்குப் பின்னால் வந்து மணியடித்தால் பாட்டி பயந்து குறுக்கே விழுவார். கடைக்குள் நுழையும்போதும் முதலில் 'போன்ஜூர்', பிறகுதான் வேண்டியதைக் கேட்பது. இதைச் சொல்லாதவருக்கு அங்கே பாதி உதவிதான் கிடைக்கும்.

11. மதியச் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே வாங்கி வையுங்கள்.
சிற்றூர்க் கடைகள் 12 அல்லது 12.30-க்கு அடைத்தால் திறக்க மூன்று, நான்கு மணியாகும். உணவகங்கள் 12 முதல் 2 வரைதான் மதிய உணவு தரும், 2.15-க்குப் போய் நின்றால் காபிதான். ரொட்டி, சீஸ், தக்காளி, ஒரு பழம் பையில் இருந்தால் எந்த ஆற்றங்கரையும் உணவகம்தான்.

12. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள்.
அனுபவப்பட்ட சைக்கிள்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வழி இது. சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள். பக்கத்தில் பச்சை நிறப் பூவாளிகள் தொங்கும். ‘குடிக்க உகந்ததல்ல’ என்ற பலகை இல்லை என்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பாட்டிலை நிரப்பி, குழாயை இறுக்கி மூடிவிட்டு வாருங்கள். உணவகத்தில் 'கராஃப் தோ' என்று கேட்டால் ஜாடியில் குழாய்த் தண்ணீர் இலவசம். பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

13. நல்ல ஊர்களுக்காகப் பாதையை விட்டு இறங்குங்கள்.
ரயில் தடம் பள்ளத்தில் ஓடும். பழைய ஊர்கள் பாதுகாப்புக்காக மேட்டில் கட்டப்பட்டவை. பாதையிலேயே போனால் பாதி வரலாறு தலைக்கு மேலே போய்விடும். கொர்மாதான் ஊரில் 17-ஆம் நூற்றாண்டு அரண்மனை பாதையோரத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே திரும்பினால் ஷாப்பேஸ், 11-ஆம் நூற்றாண்டுத் தேவாலயமும் வயலுக்கு மேல் எழும் அதன் மணிக்கோபுரமும். இன்னும் மேலேறினால் பிரான்சியோன்: கோட்டை, பழைய சந்தைக்கூடம், குன்றின் நுனியில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். சுரங்கத்துக்குத் தெற்கே பெர்ஸே-லா-வில் ஊரின் துறவியர் சிற்றாலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். காலையிலேயே ஏறுங்கள், மதிய வெயிலில் அந்த ஏற்றம் இரட்டிப்பாகத் தெரியும்.

14. குளுனிக்கு அரைநாள் முழுசாக ஒதுக்குங்கள்.
910-இல் தொடங்கிய மடம். 1088-இல் கட்டத் தொடங்கிய மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு தேவாலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதுதான் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1798-இல் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. முதலில் அருங்காட்சியகத்தில் முழு உருவத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மிஞ்சி நிற்கும் கோபுரத்தடியில் போய் அண்ணாந்து பாருங்கள். வரிசை மாற்றினால் வெறும் இடிபாடுதான் தெரியும்.

15. 'ஆக்கேய் வெலோ' முத்திரை உள்ள இடத்தில் தங்குங்கள்.
சைக்கிள் தடத்திலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், பூட்டி வைக்க இடம் வேண்டும், பழுதுபார்க்கும் கருவி வேண்டும் என்று விதி வைத்துத் தரும் முத்திரை இது. நனைந்த சைக்கிளோடு வாசலில் நின்றால் முகம் சுளிக்க மாட்டார்கள். தாமதமாகும் என்றால் மாலை ஐந்து மணிக்கே போன் செய்யுங்கள். வீட்டோடு சேர்ந்த அறைகளில் இரவு எட்டுக்கு மேல் கதவு திறக்க ஆள் இருப்பது நிச்சயமில்லை.

16. டி.இ.ஆர். ரயிலை நம்புங்கள், பைகளை முன்பே கழற்றுங்கள்.
இந்த வட்டார ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து டிஜோன், ஷலோன், மாக்கோன் வழியாக லியோன் போகும் டி.இ.ஆர். இந்தப் பயணத்துக்கு வாகானது. கதவில் சைக்கிள் படம் போட்ட பெட்டியைப் பிளாட்பாரத்தில் நின்றே தேடுங்கள். உள்ளே முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டியிருக்கும். பக்கப் பைகளோடு அது நடக்காது. ரயில் வரும் ஐந்து நிமிடம் முன்பே பைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

17. மாலையில் குளிக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள்.
புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லோரும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். உண்ணிக்கடி லைம் நோயைக் கொண்டுவரும். பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சின்னக் கொக்கி கிடைக்கும். கடித்த இடத்தில் சில நாளோ சில வாரமோ கழித்துச் சிவப்பு வளையம் படர்ந்தால் டாக்டரிடம் போங்கள், ஊர் திரும்பியிருந்தாலும் சரி. அவசர எண் 112.

செய்யக்கூடாதவை

1. ‘முழுக்க முழுக்க வண்டியில்லாத பயணம்’ என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள்.
பாதைக்குப் போவதற்கும், பாதையிலிருந்து விடுதிக்குப் போவதற்கும் சாலைதான். போன் நகரின் தெற்கே பொமார், வோல்னே, மெர்சோ வழியாகச் சாந்தனே போகும் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத் தடத்தில் கார் கூட்டம் இருக்காது, டிராக்டர் இருக்கும். அது வேலைக்காரர்களின் வழி. ஓரம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

2. ஒரு நாளைக்கு 100 கி.மீ. என்று கணக்குப் போடாதீர்கள்.
சமதளம்தானே என்று போடும் கணக்கு இரண்டாம் நாள் உடைந்துவிடும். மூட்டை கனக்கும், உட்காரும் இடம் புண்ணாகும், ஊர்களைப் பார்க்காமலே கடப்பீர்கள். 35 முதல் 50 கி.மீ. போதும். குழந்தை இருந்தால் 25.

3. பொது விடுமுறை வாரங்களில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.
மே 1, மே 8, அதையொட்டி வரும் விண்ணேற்றத் திருநாள், ஜூலை 14, ஆகஸ்ட் 15. வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் ஆக்கிவிடுவார்கள். தேஸே என்ற சிற்றூரில் 1940-இல் தொடங்கிய கிறிஸ்தவத் துறவியர் சமூகத்தைத் தேடிக் கோடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருவார்கள். குளுனி சுற்றுவட்டாரத்தில் அறைக்கு அப்போது இன்னும் தட்டுப்பாடு.

4. மின்சைக்கிளின் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகப் பார்க்காதீர்கள்.
160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் அனுமதி இல்லை. மின்சைக்கிள் பேட்டரி அதைவிட இரண்டு மூன்று மடங்கு. விமான நிலையத்தில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். அங்கேயே வாடகைக்கு எடுங்கள். மாலையில் பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாமா என்று முதலிலேயே கேளுங்கள்.

5. போன் மேப் ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.
பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அதோடு, நெருக்கமான வழி என்று மேப் காட்டுவது சில நேரம் உழவர் வண்டித் தடம், சில நேரம் வேகச் சாலை. வரைபடத்தை முதல் நாளே இறக்கி வையுங்கள். வழியில் பச்சை நிறமும் சைக்கிள் படமும் உள்ள பலகையையே பின்பற்றுங்கள். அதன் மேல் மஞ்சள் மாற்றுவழிப் பலகை இருந்தால் மஞ்சள் சொல்வதுதான் சரி.

6. தடுப்புகளுக்கு நடுவே வேகமாக நுழையாதீர்கள்.
மோட்டார் சைக்கிள் நுழையாதபடி தடுப்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். வெறும் சைக்கிள் தப்பிவிடும். பக்கப் பை பிதுங்கி நிற்கும் சைக்கிள் தப்பாது. பை கட்டையில் சிக்கும், பின்சக்கரம் அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் முன்னால் போவீர்கள். இறங்கித் தள்ளுங்கள். பின்னால் டிரெய்லர் கட்டியிருந்தால் கழற்றித்தான் சில இடங்களில் கடக்க முடியும்.

7. காதில் இயர்போன் மாட்டாதீர்கள், போனைக் கையில் பிடிக்காதீர்கள்.
இயர்போனுக்கு 2015 ஜூலை முதல் தடை; சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். இரண்டுக்கும் அபராதம் தலா 135 யூரோ. பசுமைவழியில் பின்னால் வரும் சைக்கிளின் மணிதான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை.

8. பாதையைப் பந்தயத் தடமாக்காதீர்கள்.
மூன்று சக்கர சைக்கிளில் குழந்தை, கயிற்றில் கட்டாத நாய், கைகோத்து நடக்கும் முதியவர்கள், எல்லோரும் வருவார்கள். வேகமாகத்தான் போவேன் என்றால் சாலைக்குப் போங்கள். இருவர் பக்கவாட்டில் பேசிக்கொண்டு போகலாம். எதிரில் ஆள் தெரிந்தவுடன் ஒருவர் பின்னால் ஒருவராகிவிடுங்கள்.

9. சிற்றூரில் வலப்பக்கம் வரும் சந்துகளை அலட்சியம் செய்யாதீர்கள்.
பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, நீங்கள் பெரிய தெருவில் போனாலும் சரி. அந்தச் சந்திலிருந்து காரில் வருபவர் உங்களைப் பார்த்து நிறுத்த மாட்டார். நிறுத்த வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஊருக்குள் நடைபாதை மேல் ஏறி ஓட்டுவதும் கூடாது. 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை.

10. குடித்துவிட்டு சைக்கிளில் ஏறாதீர்கள்.
வழிநெடுக ஒயின் கிடங்குகள், ‘சுவை பாருங்கள்’ என்று பலகைகள். லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். சுவைத்துவிட்டுத் துப்பத் தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. பிடித்ததை ஒரு பாட்டில் வாங்கி, விடுதிக்குப் போய்த் திறங்கள்.

11. தோட்டத்துத் திராட்சையைப் பறிக்காதீர்கள்.
வேலி இல்லை என்பதால் பொதுச்சொத்து ஆகிவிடாது. பர்கண்டியில் சில வரிசைகளின் விலை கேட்டால் தலை சுற்றும். அதோடு மருந்து தெளித்த பழம். கழுவாமல் வாயில் போடுவது வயிற்றுக்கும் கேடு. மருந்து தெளிக்கும் இயந்திரம் தெரிந்தால் அது முடியும்வரை தூரத்திலேயே நில்லுங்கள்.

12. ஞாயிறு மதியத்தையும் திங்களையும் நம்பாதீர்கள்.
ஞாயிறு பகலில் ரொட்டிக்கடை அடைத்தால் சில ஊர்களில் செவ்வாய் காலைதான். திங்கள் பல உணவகங்களுக்கு வார விடுமுறை. சனிக்கிழமையே இரண்டு வேளைக்கு வாங்குங்கள். சிற்றூர்களில் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்காது. சந்தைக்கும் சின்னக் கடைக்கும் கொஞ்சம் யூரோ நோட்டும் சில்லறையும் கையில் வேண்டும்.

13. 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதிய குழாயில் குடிக்காதீர்கள்.
குடிக்கத் தகாத நீர் என்று பொருள். ஊர் நடுவே அழகான கல் நீரூற்று கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். ஓரத்தில் இந்தப் பலகை இருக்கும். முகம் கழுவலாம், அவ்வளவுதான். கால்வாய் நீரைத் தொடவே வேண்டாம்.

14. சாலட் என்றால் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.
'லார்தோன்' எனப்படும் பொடிப் பன்றிக்கறி சாலடிலும் முட்டைப் பணியாரமான கீஷிலும் சாதாரணமாக வரும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு ரசத்தில் செய்தது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் மீன் கொண்டுவருவார்கள். 'சான் வியாந்த், சான் புவாசோன்' என்று கறியும் மீனும் வேண்டாமெனத் தனித்தனியாகச் சொல்லுங்கள். பாரம்பரிய பிரெஞ்சு சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் வயிற்று நொதியால் உறைய வைத்தவை என்பதும் கண்டிப்பான சைவர்கள் அறிய வேண்டியது. சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பாரிஸில் இறங்கினால் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் பருப்பு, ரசப்பொடி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

15. அழகான இடம் என்று அங்கேயே கூடாரம் அடிக்காதீர்கள்.
பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அருகிலும் இயற்கைக் காப்பிடங்களிலும் தடை உண்டு. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி வேண்டும். ஊராட்சி நடத்தும் முகாம் இடங்கள் மலிவு. குளியல் உண்டு, குழாய் உண்டு. கோடையில் தீ மூட்டுவதை நினைக்கவே வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும்.

16. பைகளோடு சைக்கிளைத் தேவாலய வாசலில் விட்டுப் போகாதீர்கள்.
ஊர் அமைதியானதுதான்; திருடன் காரில் வருவான். பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் கழற்றி மாட்டும் முன்பையில் இருக்கட்டும், இறங்கும்போதெல்லாம் உங்களோடு வரட்டும். சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பியில் கெட்டிப் பூட்டால் பூட்டுங்கள். வாடகை சைக்கிள் தொலைந்தால் முன்பணம் முழுவதும் போகும்.

17. வேட்டைக் காலத்தில் மங்கலான உடையில் காட்டுக்குள் போகாதீர்கள்.
செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டை நடக்கும். வார இறுதிகளில் பாதையோரத்தில் ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகை நிற்கும், ஆரஞ்சு மேலங்கிக்காரர்கள் தெரிவார்கள். நீங்களும் ஆரஞ்சோ மஞ்சளோ போட்டுக்கொண்டு, பாதையை விட்டு விலகாமல், சத்தமாகப் பேசிக்கொண்டு கடந்துவிடுங்கள். பாதையை மூடியிருந்தால் திரும்புங்கள்.

18. டி.ஜி.வி. ரயிலில் சைக்கிளைக் கடைசி நிமிடத்தில் ஏற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள்.
சில டி.ஜி.வி.களில்தான் இடம் உண்டு, அதுவும் கட்டணத்தோடு முன்பதிவு செய்தால். மற்றவற்றில் சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் போட வேண்டும். திரும்பும் நாளில் கடைசி வட்டார ரயிலையும் நம்பாதீர்கள். சைக்கிள் கொக்கிகள் நிரம்பிவிட்டால் ஏற்ற மறுக்கலாம். அதற்கு முந்தைய ரயிலைக் குறிவைத்தால் இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கும். விமானத்தன்று காலையில் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பவே கிளம்பாதீர்கள். முந்தின இரவே பாரிஸிலோ லியோனிலோ இருங்கள்.

இன்றைக்கே செய்து முடிக்க மூன்று வேலைகள்: மே அல்லது செப்டம்பரில் விடுமுறை இல்லாத ஒரு வாரத்தைக் காலண்டரில் வட்டமிடுங்கள். ஷலோன், கொர்மாதான், குளுனி, மாக்கோன் நான்கையும் வரைபடத்தில் குறித்து, பாதை சாலையைக் கடக்கும் இடங்களையும் அந்தந்த நாளின் சாப்பாட்டு நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் படுக்கை பதிவு செய்யுங்கள். நடு இரவுகளை நாளை பார்த்துக்கொள்ளலாம்.